வகுப்பு நடுவே குரல் அறுந்தால் குற்றம் லேப்டாப்பினுடையதா?

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். வரும் பருவத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வகுப்பெடுக்க வேண்டும். என் மகனும் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொலைவழி முதுகலையில் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு வகுப்பு, தேர்வு எல்லாமே ஆன்லைனில்தான். வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. ஆனாலும் நான் பேசும்போது குரல் அறுந்து அறுந்து கேட்கிறது என்கிறார்கள் மாணவர்கள். என் லேப்டாப் ஆறு வருடப் பழசு. அதை மாற்றிவிட்டு, இணைப்பையும் 300-க்கு உயர்த்தினால் பிரச்சினை தீருமா? வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: பணத்தை இன்னும் ஒரு வாரம் கையிலேயே வைத்திருங்கள். பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் உட்கார்ந்து இந்தப் புகாரைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் லேப்டாப்பை மாற்றியவர்கள் பலர், மாதம் ஒன்று கழித்துப் புது லேப்டாப்போடு அதே புகாரையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். எது பழுது என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்குவோம்.

முதலில் அந்த 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். (தமிழில் எழுதினால் டாக்டர் பட்டம் போலத்தான் தெரிகிறது, என்ன செய்வது!) ஜூம் நிறுவனம் தானே தரும் கணக்குப்படி, குழு அழைப்பில் 1080பி தரத்தில் வீடியோ அனுப்பவே 3.8 எம்பிபிஎஸ் போதும். வெறும் குரலுக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீங்களும் மகனும் ஒரே நேரத்தில் உயர்தர வீடியோவில் இருந்தாலும் 8-ஐத் தாண்டாது. 100 இருக்கும் வீட்டில் 8 போதாமல் போகிறது என்றால், 300 வந்தாலும் போதாமல்தான் போகும்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? இரண்டு இடங்களைச் சந்தேகிக்கிறேன். விளம்பரத்தில் வரும் 100 பெரும்பாலும் பதிவிறக்க வேகம். வகுப்பெடுக்கும் நீங்களோ அனுப்புகிறவர். உங்களுக்கு முக்கியம் அப்லோடு. சில திட்டங்களில் இரண்டும் சமமாக இருக்கும், சிலவற்றில் அப்லோடு பத்தில் ஒரு பங்குதான். உங்கள் திட்டத்தில் எவ்வளவு என்று பில்லிலோ நிறுவனத்தின் ஆப்பிலோ பாருங்கள். இரண்டாவது, வேகத்தைவிட முக்கியமான ஒன்று: தாமதம். சினிமா பார்க்கும்போது நெட் இரண்டு நொடி தடுமாறினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அடுத்த சில நொடிக்கான படம் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது. பேச்சில் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் இன்னும் பேசாத வாக்கியத்தை முன்கூட்டியே அனுப்பி வைக்க முடியாதே! உரையாடல் இயல்பாக இருக்க ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய பரிந்துரை. அழைப்புகளில் மிகவும் பிந்தி வரும் குரல் துண்டுகளை எதிர்முனை மென்பொருள் தூக்கிப் போட்டுவிடும். மாணவர்கள் கேட்கும் 'அறுந்து அறுந்து' வரும் குரல், இப்படித் தூக்கிப் போடப்பட்ட துண்டுகளின் இடைவெளிதான்.

தாமதம் எப்படி வருகிறது என்றால், வீட்டில் யாராவது ஒருவர் அப்லோடு வழியை அடைத்துக்கொண்டிருப்பார். குறுகலான வாசலில் ஒருவர் இருபது மூட்டையோடு நிற்கிறார், பின்னால் கையில் ஒரே ஒரு கடிதத்தோடு நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் சுமை சின்னதுதான், ஆனாலும் மூட்டை நகரும்வரை நகர முடியாது. மூட்டைக்காரர் பெரும்பாலும் மனிதராக இருப்பதில்லை. போனில் நேற்று எடுத்த வீடியோ கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஒன்டிரைவ் ஒரு பெரிய ஃபோல்டரை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். கண்காணிப்பு கேமரா இருந்தால் அது இரவு பகல் பாராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். விண்டோஸில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்ற கறுப்பு ஜன்னலை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு பிங் (ping) கட்டளை கொடுங்கள், ஒரு சிறு செய்தி அங்கே போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது அளக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குக் கொடுங்கள். கட்டளையின் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, சிறு கோட்டோடு ஆங்கில 't' எழுத்தைச் சேர்த்தால் (ping 8.8.8.8 -t என்பது போல) நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வழக்கமாக வகுப்பெடுக்கும் மேசையில் உட்கார்ந்து, மகனையோ நண்பரையோ அழைத்துப் பத்து நிமிடம் வீடியோவில் பேசுங்கள். குரல் அறுகிற கணத்தில் இரண்டு ஜன்னலையும் பாருங்கள். ரவுட்டருக்குப் போய் வரும் நேரம் சில மில்லிவினாடிதான் இருக்க வேண்டும். அதுவே திடீரென்று 200, 300 என்று குதித்தால், குற்றவாளி உங்கள் மேசைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிறது, அதாவது வைஃபை. ரவுட்டர் எண் அமைதியாக இருக்க, 8.8.8.8 மட்டும் குதித்தால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால்: ஒன்று அப்லோடு அடைப்பு, இல்லையென்றால் நிறுவனத்தின் லைன். இரண்டும் அமைதியாக இருந்தும் குரல் அறுந்தால் மட்டும் லேப்டாப்பையும் மைக்கையும் சந்தேகிக்கலாம். அந்த மூன்றாவது நிலையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வைஃபைதான் என்று தெரிந்தால், ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லைன் இழுக்க வந்தவர் தமக்கு வசதியான மூலையில், வாசலுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். வீட்டுக்காரர்களும் அது அழகாக இல்லை என்று அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டிய பொருள் அது. அப்புறம் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை தெரியும். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் அங்கே கூட்டம் அதிகம்: அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத் எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.45-ஐ ஒட்டி இயங்குவது. ஒருவர் சொல்லிவைத்தாற்போல் தினமும் மதியம் ஒரு மணிக்கு மட்டும் அழைப்பு அறுகிறது என்று வந்தார். சாப்பாடு சூடு பண்ணும் நேரம்! 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ வேலை செய்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இதையெல்லாம்விட நல்லது ரவுட்டரிலிருந்து நேராக லேப்டாப்புக்கு ஒரு கேபிள். ஆமாம், பழைய காலத்து நீளக் கேபிளேதான். கேட் 5இ வகை கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும், வீட்டுக்குள் அதற்கு மேல் எதற்கு? லேப்டாப்பில் அந்தத் துளை இல்லையென்றால் யுஎஸ்பியில் சொருகும் ஒரு சின்ன அடாப்டர் போதும். வகுப்பெடுக்கும் மேசைக்கு ஒரு கேபிள், மகன் தேர்வு எழுதும் மேசைக்கு ஒரு கேபிள். உங்கள் கடிதத்தில் உள்ள பிரச்சினைக்கு என்னிடம் இருக்கும் முதல் மருந்து இதுதான். கேபிள் இழுக்கவே முடியாத வீடு என்றால் மெஷ் வகை ரவுட்டர்களை (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் ரகம்) பாருங்கள். மலிவான 'ரிப்பீட்டர்' வேண்டாம். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரகம், கிடைக்கும் வேகத்தைப் பாதியாக்கிவிடும். சிக்னல் கோடு மட்டும் முழுதாகக் காட்டி மனதைத் தேற்றும்.

அப்லோடு அடைப்பு என்றால் செலவே இல்லை. வகுப்பு நேரத்தில் போட்டோ பேக்கப்பை நிறுத்துங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டின் கணினி மென்பொருளிலும் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்க அமைப்பு இருக்கிறது. சில ரவுட்டர்களில் 'க்யூஓஎஸ்' என்ற பகுதியில் எந்தக் கருவிக்கு முதலிடம் என்று சொல்லலாம், உங்கள் லேப்டாப்பை அங்கே முன்னால் வையுங்கள். எல்லோரும் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் 8.8.8.8 குதிக்கிறதா? சரி, இப்போது நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று சொன்னால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை மில்லிவினாடி என்று எழுதி வைத்துச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

அடுத்து, குரல். காதுக்குள் சொருகும் புளூடூத் கருவியில் பாட்டு அருமையாகக் கேட்கும். அதே கருவியின் மைக்கை இயக்கியதும் பெரும்பாலான மாடல்கள் வேறொரு பழைய முறைக்கு மாறி, இரண்டு பக்கக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். பொருள் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள். கெடவில்லை, அதன் இயல்பே அது. வகுப்பெடுக்கிறவருக்கு வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் யுஎஸ்பி ஹெட்செட்தான் சரி. கேமராவில் காசு போட நினைத்தால் அந்தக் காசையும் இதில் போடுங்கள். முகம் மங்கலாக இருந்தால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒரு மணி நேரம் கரகரக் குரலைப் பொறுக்க மாட்டார்கள். முகத்துக்கு, ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இல்லாமல் முன்பக்கம் இருக்குமாறு மேசையைத் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது.

லேப்டாப்புக்கு வருவோம். ஆறு வருடம் ஒரு வயதே இல்லை. உள்ளே இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பு) போடுங்கள், ராம் 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் கூட்டுங்கள் (கூட்ட இடமிருக்கும் மாடலா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்). ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காத ரகம் என்றால், அதில் மதிப்பெண் பட்டியல் திறப்பது நல்லதில்லை, அப்போது புதிது வாங்க நியாயம் இருக்கிறது. வாங்கினால் 16 ஜிபி ராம் உள்ளதாகப் பாருங்கள். மென்பொருள் எதையும் சொந்தக் காசில் வாங்குமுன் உங்கள் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவைக் கேளுங்கள். ஆபீஸ் தொகுப்பு முதல் புள்ளியியல் மென்பொருள் வரை உரிமம் எடுத்து வைத்துக்கொண்டு, யாரும் கேட்கவில்லையே என்று காத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய.

ஒரே லேப்டாப்பை இருவரும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் வேண்டாம். தவிர்க்கவே முடியாது என்றால் தனித்தனிப் பயனர் கணக்காவது வையுங்கள். உங்களிடம் மாணவர்களின் மதிப்பெண் இருக்கும். இன்னொரு பல்கலைக்கழக மாணவர் அதே திரையில் உட்கார்வது, அவர் சொந்த மகனாகவே இருந்தாலும், சரியில்லை. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போன்ற வசதியை இயக்குங்கள். இயக்கும்போது தரப்படும் 48 இலக்க மீட்பு எண்ணை அதே லேப்டாப்பில் சேமிக்காதீர்கள். பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

மகனுக்குத் தனியாக ஒன்று. அவருடைய தேர்வு எந்த மென்பொருளில் நடக்கிறது என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். உதாரணமாக, சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' விண்டோஸ், மேக், ஐபேட் ஆகியவற்றில் ஓடும். லினக்ஸிலும் குரோம்புக்கிலும் ஓடாது. தேர்வு நாள் காலையில் இதைத் தெரிந்துகொள்கிற மாணவர் வருடா வருடம் ஒருவராவது எங்கள் வாசலுக்கு வருவார். மாதிரித் தேர்வு ஒன்று எப்படியும் வைப்பார்கள், மதிப்பெண் இல்லையே என்று அதைத் தவிர்க்க வேண்டாம். அது பாடத்துக்கான ஒத்திகை அல்ல, கேமரா, மைக், கேபிள் மூன்றுக்குமான ஒத்திகை.

இப்போது, பெரும்பாலானவர்கள் யோசிக்காத இடம்: உள்ளே நுழைவது. பல்கலைக்கழகக் கணக்குகளில் இப்போது இரண்டடுக்குச் சரிபார்ப்பு சாதாரணம். கடவுச்சொல் போட்ட பிறகு போன் ஆப்பில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கும். போன் தொலைந்தால் மெயில், வகுப்பு, நூலகம், மதிப்பெண் நான்கும் சேர்ந்தே தொலையும். என் கதையையே சொல்கிறேன்: பழைய போனை முழுவதும் அழித்து வேறொருவருக்குக் கொடுத்த பிறகுதான், அந்த ஆப் புதுப் போனுக்குத் தானாக வரவில்லை என்று கண்டேன். கணினிப் பிரிவு ஆளாக இருந்தும், இரண்டு நாள் சக ஊழியர்களிடம் கைகட்டி நின்றேன். ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். கணக்கு அமைப்பில் 'மீட்புக் குறியீடுகள்' என்று ஒரு தொகுதி தருவார்கள், அதைக் காகிதத்தில் எழுதி சான்றிதழ்கள் வைக்கும் கோப்பில் வையுங்கள். இரண்டாவதாக இன்னொரு கருவியையும், டேப்லெட்டோ பாதுகாப்புச் சாவியோ (யுஎஸ்பியில் சொருகும் சின்னக் கருவி), பதிந்து வையுங்கள்.

நூலக ஆய்விதழ்கள் வீட்டிலிருந்து திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம், பல பதிப்பகங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் கதவு திறக்கின்றன. விபிஎன் (வீட்டுக் கணினியை வளாக வலையமைப்போடு இணைக்கும் வழி) மூலம் போனால் வளாகத்துக்குள் இருப்பதாகவே கணக்கு. ஆனால் விபிஎன் இயங்கும்போது வீடியோ அழைப்பும் வளாகத்தைச் சுற்றிக்கொண்டு போக நேரிடலாம், தாமதம் கூடும். விதி அனுமதித்தால் வகுப்பு நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள். வளாகத்திலுள்ள உங்கள் கணினியை வீட்டிலிருந்து இயக்க நினைத்தால் விபிஎன்னுக்குள் இருந்தபடிதான் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்த வேண்டும். அதன் 3389 எண் வாசலை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பது திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது. கிளம்புமுன் அந்தக் கணினியின் தூக்க நேரத்தை அணைத்துவிட்டு வாருங்கள். அது தூங்கிவிட்டால் எழுப்ப ஆள் போக வேண்டும்.

'எல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறது, பேக்கப் எதற்கு?' என்று கேட்கும் ஆய்வு மாணவர்களிடம் நான் எப்போதும் திருப்பிக் கேட்பது: லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் ஒன்டிரைவில் என்ன ஆகும்? அங்கேயும் அழியும். அது ஒத்திசைவு, பேக்கப் இல்லை. குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், கூகுள் டிரைவில் 30 நாள், பல்கலைக்கழக ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள். அழிந்தது தெரியவே நான்கு மாதம் ஆனால் போச்சு. ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒருமுறை நகலெடுங்கள், எடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். சொருகியே இருந்தால் வைரஸ் இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் வகுப்பு நடுவே நெட் போகத்தான் போகிறது. அதற்கு ஒரு சின்ன தந்திரம். வகுப்பு தொடங்கும்போதே போனிலிருந்தும், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், அதே அழைப்பில் சேர்ந்து, அந்தப் போனைக் கோ-ஹோஸ்ட் (அழைப்பைக் கூடவே நடத்தும் உரிமை உள்ளவர்) ஆக்கிவிடுங்கள். போனின் மைக், ஒலி, வீடியோ மூன்றையும் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி காதைப் பிளக்கும். வீட்டு இணைப்பு போன கணத்தில் போனைக் கையில் எடுத்து மைக்கைத் திறந்து 'எங்கே விட்டேன்?' என்று கேட்டுத் தொடரலாம். ஸ்லைடுகளை முந்தைய நாளே மூடில் (Moodle) என்ற பாடத் தளத்தில் போட்டிருந்தால், மாணவர்கள் தங்கள் திரையில் அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு குரலை மட்டும் கேட்பார்கள். குரலுக்கு எவ்வளவு குறைவாகத் தேவை என்று மேலே பார்த்தோமே. முழு வகுப்பையும் வீடியோவோடு மொபைல் டேட்டாவில் நடத்த வேண்டி வந்தால், போகவும் வரவும் தலா ஒரு எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் மணிக்கு 900 எம்பி கரையும்.

மின்சாரம் போகிற இடம் என்றால், லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டரில் இருக்காது. ரவுட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வருகிறது. வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஃபைபர் இணைப்பில் சுவரோரம் இன்னொரு சின்னப் பெட்டியும் தனியாக இருக்கலாம். அதற்கும் சேர்த்து மின்சாரம் கொடுக்காவிட்டால் ரவுட்டர் மட்டும் பச்சை விளக்கோடு சும்மா நிற்கும்.

பருவம் தொடங்குமுன் ஒரு வேலைநாளில், வகுப்பு நேரத்திலேயே, நீங்களும் மகனும் தனித்தனி அழைப்பில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். அப்போதும் குரல் அறுந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது மூன்று எண்கள் வேண்டும்: உங்கள் திட்டத்தின் அப்லோடு வேகம், குரல் அறுந்தபோது ரவுட்டருக்கான பிங், அதே கணத்தில் 8.8.8.8-க்கான பிங். கேபிள் போட்ட பிறகு எடுத்த எண்ணா, போடுமுன் எடுத்ததா என்றும் குறிப்பிடுங்கள்.